பேர் வெட்டிய டப்பாவும் ஒரு முட்டை டார்ட்டும்

1

பெங்களூருக்குக் குடிவந்து இருபத்தாறு வருஷம் நிறைந்த அன்று காலையில் நான் கோயிலுக்குப் போகவில்லை. காக்ஸ் டவுன் பக்கம் ஒரு கோல்ட் ஸ்டோரேஜ் கடையில் நின்று பன்றிக்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லில் இருந்து இதைப் படிக்கிற என் சொந்தக்காரர்கள் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளுங்கள். மயக்கம் வந்தால் ஒரு சோடா குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

வருஷா வருஷம் இந்த நாள் வரும்போது நம் தெருக்காரர்கள் குழுவுக்கு எதையாவது எழுதி அனுப்புவது என் வழக்கம். "பஸ் ஏறினா அரை நாள்ல வந்துர்ற ஊரு, இதுக்குப் போயி கடல் தாண்டுன மாதிரி எழுதுறியேக்கா" என்று சித்தப்பா மகன் ஒவ்வொரு முறையும் கிண்டல் செய்வான். வாஸ்தவம்தான். என்னிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. ஆனால் போன தடவை ஊருக்கு வந்தபோது டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் எவ்வளவு என்பதற்குக் கன்னடத்தில் "எஷ்டு?" என்று கேட்டுவிட்டு நான் முழித்த முழி எனக்குத்தான் தெரியும். இங்கே என் கன்னடத்தைக் கேட்டதுமே காய்கறிக்காரர் தமிழுக்கு மாறிவிடுகிறார். அங்கே என் தமிழைக் கேட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் எந்த ஊர்க்காரி என்று நீங்களே ஒரு நாள் கூடிப் பேசி முடிவு செய்து சொல்லுங்கள்.

கறிக்கு வருகிறேன். கடையில் இருந்த அம்மாள் மர்பி டவுன்காரர். அவர் பாட்டன் காலத்திலிருந்தே அங்கே இருக்கிற தமிழ்க் குடும்பம். நான் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"இன்னாமா, மொத மொதலா வாங்குறியா?"

"எனக்கு இல்லீங்க. எம் பொண்ணுக்கு."

"வர்றவங்க எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க. இன்னா செய்யப் போறே?"

"முட்டை டார்ட்டு."

"அப்ப கொழுப்பு கீற துண்டா எடுத்துக்கோ. பயப்படாதேமா, அது ஒண்ணும் கடிக்காது."

ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பைகளில் போட்டுக் கட்டித் தரச் சொன்னேன். மெட்ரோவில் ஏறி உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருந்த பெண் மூக்கைத் தேய்த்தாள். என் பையில் இருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்து வியர்த்துப்போனேன். பாவம், அவளுக்கு ஜலதோஷம்.

அது என்ன டார்ட் என்று கேட்பீர்கள். மைதாவையும் வெண்ணெயையும் பிசைந்து, வட்டத் தட்டில் ஓடு மாதிரி பரப்பி, அதற்குள் முட்டையும் க்ரீமும் அடித்து ஊற்றி, வறுத்த பேக்கன் துண்டுகளைப் போட்டு 'அவன்' அடுப்பில் சுடுகிற பண்டம். இனிப்பு கிடையாது, உப்புப் பண்டம். பேக்கன் என்றால் உப்பில் ஊறவைத்து, புகையில் வாட்டிய பன்றிக்கறி. பிரெஞ்சுக்காரர்கள் இதற்குக் கீஷ் என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். என் மகள் கயல் சொன்னாள். கயலுக்கு இருபத்துநாலு வயது. இந்தக் கதை முழுக்க அவளைப் பற்றித்தான்.

2

ஒயிட்ஃபீல்டில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் யாராவது வாசலுக்கு வந்தால் செக்யூரிட்டி போனில் கேட்பார். நாம் "சரி" என்றால்தான் கேட் திறக்கும். ஒரு வருஷமாக, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரே மாதிரி போன் வருகிறது.

"மேடம், கயல் அந்தா கெஸ்ட் பந்திதாரெ. களிஸ்லா?"

கயல் என்ற விருந்தாளி வந்திருக்கிறார், அனுப்பட்டுமா என்று அர்த்தம். நான் பெற்று, பால் கொடுத்து, இதே கேட்டில் ஸ்கூல் பஸ் ஏற்றிவிட்ட பிள்ளைக்கு நானே அனுமதி கொடுக்க வேண்டும். முதல் தடவை அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தில் போனைச் சோபாவில் விட்டெறிந்தேன்.

இதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். வருஷத்துக்கு ஒரு முறை அசோசியேஷன் ஆபீசில் ஒரு படிவம் தருவார்கள், வீட்டில் யார் யார் வசிக்கிறார்கள் என்று. கயல் மர்பி டவுனில் தோழிகளோடு வாடகைக்குப் போன மறு மாதம் அந்தப் படிவம் வந்தது. இந்த மனிதர் உலக மகா யோக்கியர். ஸ்கேல் வைத்து அவள் பெயருக்குக் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

"அவ இப்ப இங்க இல்லையே. பொய் எழுதச் சொல்றியா?" என்று என்னையே கேட்டார்.

நான் ஆபீசுக்கு ஓடினேன். அங்கே இருந்த மேனேஜர் நல்ல பையன், சேலம் பக்கம். படிவத்தை என் முன்னால் திருப்பிக் காட்டினான். வீட்டு உரிமையாளர், வாடகைக்காரர், வேலைக்கு வருபவர், டிரைவர், விருந்தாளி. வளர்ப்பு நாய்க்குக்கூட ஒரு கட்டம் இருந்தது, தடுப்பூசி விவரத்தோடு.

"அவங்க இங்க தங்குறாங்களா மேடம்?"

"இல்ல. ஞாயித்துக்கிழமை வருவா."

"அப்ப கெஸ்ட்தான் மேடம். வேற எடம் ஃபார்ம்ல இல்ல."

கெஸ்ட் என்றால் வந்து சாப்பிட்டுவிட்டாவது போக வேண்டும் இல்லையா? அதுவும் இல்லை. கயல் வருவாள், செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைப்பாள், அப்பாவோடு கிரிக்கெட் பேசுவாள், என் தலைக்கு டை அடித்து விடுவாள். நான் சாப்பிடக் கூப்பிட்டதும் சிரித்த முகத்தோடு சொல்வாள்: "சாப்பாடு ஆயிடுச்சும்மா."

நம் ஊரில் "சாப்பிட்டுட்டேன்" என்போம். இங்கே வளர்ந்த பிள்ளைகள் கன்னடத்து வழியில் சாப்பாடு ஆச்சா, ஆயிடுச்சு என்றுதான் பேசும். ஃபிரிட்ஜைத் திறந்து அவளே தண்ணீர் எடுத்துக் குடிப்பாள். அவ்வளவுதான். ஒரு வருஷமாக என் மகள் என் வீட்டில் கை நனைக்கவில்லை.

கை நனைக்காமல் போவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சண்டை போட்டுவிட்டுக்கூட சோற்றைத் தின்னலாம். சிரித்துப் பேசிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போவதுதான் பெரிய அடி. அவள் அதை எங்கே கற்றாள் என்றும் உங்களில் சிலருக்குத் தெரியும். அண்ணன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது நேரில் வந்து கூப்பிடாமல் போனில் கூப்பிட்டார் என்று நான் நாள் முழுக்க விசேஷத்தில் நின்றுவிட்டுப் பந்தியில் உட்காராமல் வந்தேனே, அன்று கயலுக்குப் பத்து வயது. பிள்ளைக்குப் பசி. பாயசம் வேறு மணக்கிறது. அவள் தொடையில் கிள்ளி, "கேட்டா சாப்பாடு ஆயிடுச்சுன்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுத்தது யார்? நான்தான். அண்ணி கேட்டதும் கண்ணில் தண்ணீரோடு அப்படியே ஒப்பித்தாள். அந்த வீட்டில் நான் சோறு சாப்பிட நாலு வருஷம் ஆனது.

3

இப்போது போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். என் பக்க நியாயத்தைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், அது கொஞ்சமாகத்தான் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை சாம்பாருக்குத் தேங்காய் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். தோசை மாவுக்குப் பக்கத்தில் கயலின் எவர்சில்வர் டப்பா இருந்தது. திறந்தால் ரோஸ் நிறத்தில், வெள்ளைக் கொழுப்புக் கோடு ஓடிய துண்டுகள். என்ன என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னாள்.

"பேக்கன்மா. நாளைக்கு டார்ட் செய்யலாம்னு. உனக்கும் அப்பாக்கும் மஷ்ரூம் போட்டுத் தனியா செய்றேன்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆங்காரம் வந்ததோ தெரியவில்லை. இடுக்கியால் அந்த டப்பாவைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், மூடியோடு, கறியோடு, கீழே குப்பை ரூமில் போட்டுவிட்டு வந்தேன். பிறகு ஃபிரிட்ஜைக் காலி செய்து மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினேன். கயல் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

"ஆட்டு மூளை சாப்பிடுவே, குடல் சாப்பிடுவே, ரத்தம் பொரிச்சுச் சாப்பிடுவே. இதுக்கு மட்டும் ஏம்மா?"

"அது வேற, இது வேற. இந்த வீட்டுக்குள்ள அது வரக்கூடாது."

"சரி. கறியைப் போட்டே. டப்பாவை ஏன் போட்டே? அதுல என் பேர் இருந்துச்சே."

அவள் காதுகுத்துக்கு அண்ணன் போட்ட சீரில் வந்த டப்பா அது. பக்கவாட்டில் 'கயல்' என்று பேர் வெட்டியிருந்தது. எல்.கே.ஜி.யில் இட்லி கொண்டுபோனதிலிருந்து அதுதான் அவள் டப்பா. குனிந்து எடுக்க எனக்கு ரோஷம் விடவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது குப்பை வண்டி போய்விட்டிருந்தது. இரண்டு வாரத்தில் அவளும் பெட்டியைக் கட்டிவிட்டாள். ஆபீஸ் பக்கமாக இருக்கிறதாம், டிராஃபிக்காம்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், 'இந்த வீட்டுக்குள்ள அது வரக்கூடாது' என்ற அந்த வாக்கியமே என் சொந்தச் சரக்கு இல்லை. முதல் முதலில் நாங்கள் அல்சூரில் மாடி வீடு எடுத்தபோது அந்த வீட்டு ஓனர் என்னிடம் சொன்னது அது. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர், மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழர். "கறி, மீன் எதுவும் உள்ள வரக்கூடாதும்மா, பாக்கி எல்லாம் உங்க இஷ்டம்" என்றார். வாடகை ஒப்பந்தத்திலும் எழுதி வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் வீட்டுக்காரரும் சிவாஜிநகர் வரை நடந்துபோய் ஓட்டலில் மட்டன் சாப்பிடுவோம். திரும்பும்போது வெற்றிலை போட்டு, வாயைக் கொப்பளித்து, மாடிப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுவோம். அந்த நாட்களில் நான் அந்த ஓனரைத் திட்டாத திட்டு இல்லை. அதே நான்தான் என் பிள்ளையிடம் அதே வார்த்தையைச் சொன்னேன்.

போன மாதம் முதல் தடவையாக அவள் வீட்டுக்குப் போனேன். மர்பி டவுனில் சின்னச் சந்து, மாடி, இரண்டு ரூம். என்னை உட்கார வைத்துவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் போட்டாள். புதுக் கல். பிடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தது. கரண்டியிலும் ஒரு பொட்டு. ஒரு தட்டு, ஒரு டம்ளர், எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டு.

"இது என்னடி கூத்து?"

"உனக்குன்னு தனியா வெச்சிருக்கேன்மா. இதுல அது பட்டதே இல்ல. ரூம்ல யாரையும் தொட விடறதில்ல. நீ என்னிக்காவது வருவேன்னு வாங்கி வெச்சேன்."

எப்போது வாங்கினாய் என்று கேட்டேன். வந்த முதல் வாரமே என்றாள். பதினொரு மாதமாக நான் போகாத வீட்டில் எனக்கு ஒரு தட்டு காத்துக்கொண்டிருந்திருக்கிறது. நாலு தோசை சாப்பிட்டேன். கை கழுவும்போது அழுதுவிட்டேன், முகத்தையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு வந்தேன்.

4

அன்று வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். அந்த டார்ட்டை என் கையால், என் அடுப்பில் செய்வது. அவள் எழுதி ஒட்டிவிட்டுப் போன செய்முறைத் தாள் ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒரு வருஷமாக அப்படியே இருந்தது. நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. இங்கிலீஷில் எழுதி, 'சீஸ் போடக் கூடாது' என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். அசல் செய்முறையில் சீஸ் கிடையாதாம்.

பேக்கன் வாங்கிய அன்றே சிவாஜிநகர் போனேன். பாத்திரக் கடையில் பழைய அளவிலேயே ஒரு எவர்சில்வர் டப்பா எடுத்தேன். வாசலில் மெஷின் வைத்துக்கொண்டு பேர் வெட்டுகிற பாய் உட்கார்ந்திருந்தார்.

"எந்த பாஷெ வேணும் அம்மா? கன்னடா, இங்கிலீஷ், உருது, தமிள், எல்லாம் போடுவேன்."

தமிழ் என்றேன். மூன்று எழுத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

"என்னா விசேஷம், ஷாதியா, கல்யாணமா?"

"இல்ல பாய். ஃபிரிட்ஜ்ல வைக்க."

"ஃபிரிட்ஜுக்கா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மெஷினை உர்ரென்று ஓட்டி, அச்சு மாதிரி வெட்டிக் கொடுத்தார். கீழே என்ன போட வேண்டும், தேதியா என்று கேட்டார். அம்மா என்று போடுங்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் களத்தில் இறங்கினேன். முதலில் 'அவன்' அடுப்பைக் காலி செய்ய வேண்டும். வீட்டோடு வந்த அவன் அது. பதினாலு வருஷமாக அதற்குள் என் இரும்புச் சட்டி, பணியாரக் கல், இட்லித் தட்டு எல்லாம் குடியிருக்கின்றன. உங்களில் யார் வீட்டில் அவன் இருந்தாலும் போய்த் திறந்து பாருங்கள், உள்ளே தோசைக்கல் இருக்கும். எல்லாவற்றையும் தரையில் பரப்பியபோது அடியில் கயலின் டார்ட் தட்டு கிடைத்தது.

வெண்ணெயைச் சில்லென்று வைத்து மைதாவில் உதிர்க்க வேண்டும், பிசையவே கூடாது என்று எழுதியிருந்தாள். நான் சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை. இரண்டு தடவை கையையே அடித்துக்கொண்டேன். மாவைத் தட்டில் பரப்பி, அது உப்பாமல் இருக்க மேலே பட்டர் பேப்பர் போட்டு, கொண்டைக்கடலையைக் கொட்டிச் சுட வேண்டும். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சுண்டலா?"

"கொஞ்சம் அந்தப் பக்கம் போறீங்களா?"

முட்டைக் கலவைக்கு ஜாதிக்காய் வேண்டும் என்று தாளில் இருந்தது. என்னிடம் இருந்த ஒரே ஜாதிக்காய், கயல் கைக்குழந்தையாக இருந்தபோது உரைகல்லில் உரசி நாக்கில் தடவிய காய்தான். பாதிதான் தேய்ந்திருந்தது. அதே கல்லில் இரண்டு இழை உரசி க்ரீமில் கலந்தேன். வாசனை கொஞ்சம் மங்கித்தான் இருந்தது, ஆனால் இருந்தது.

கடைசியாகப் பேக்கன். பொட்டலத்தைப் பிரித்ததும் எனக்குக் குமட்டவில்லை, அதைச் சொல்ல வேண்டும். புகையும் உப்புமாக, கருவாட்டுக்குத் தூரத்துச் சொந்தம் போல ஒரு வாசனை. பிறகு கை தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. நான் யோசிக்கவே இல்லை. சட்டியில் கொட்டி, கல் உப்புப் போட்டு, இரண்டு ஸ்பூன் மஞ்சள் தூள் போட்டு, நன்றாகப் பிசறி, மூன்று தண்ணீர் விட்டு அலசிப் பிழிந்து வைத்தேன். கறி என்றால் அப்படித்தானே? முப்பது வருஷமாக மட்டனுக்கும் கோழிக்கும் செய்வது. பாதியை எண்ணெயில் போட்டதும் தீபாவளி மாதிரி வெடித்தது. சுவரெல்லாம் மஞ்சள் புள்ளி. பேக்கன் என்றால் இப்படித்தான் வெடிக்கும் போல என்று நினைத்து, மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு வறுத்தேன்.

மீதிப் பாதியைப் புது டப்பாவில் போட்டு, மூடி, ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில், பேர் வெளியே தெரிகிற மாதிரி வைத்தேன். வைத்துவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

5

ஒரு மணிக்குப் போன் வந்தது. கயல் என்ற கெஸ்ட். அனுப்புங்கள் என்றேன்.

டார்ட் மேசை மேல் துணி போட்டு மூடியிருந்தது. வந்ததும் அவளிடம் காட்ட வேண்டும் என்றுதான் திட்டம், ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் துணியை இன்னும் இழுத்து மூடிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? இத்தனை நாள் வைராக்கியத்தை இப்படி ஒரு தட்டு பண்டத்தில் விட்டுவிடுவாளா? நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். நாலு வருஷம் விடாதவள் நான்.

"சாப்பிடுறியா கயல்?" என்று மட்டும் கேட்டேன்.

"சாப்பாடு ஆயிடுச்சும்மா" என்றாள், வழக்கம் போல. பையை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

திறந்தவள் திறந்தபடியே நின்றாள். ஃபிரிட்ஜ் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் ஹாலில் இருந்து, "யாரு அது, கதவைச் சாத்துங்க, கரண்டு போகுது" என்றார். யாரும் சாத்தவில்லை.

அவள் டப்பாவை வெளியே எடுத்தாள். தமிழ் அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்துத் தடவி, க, ய, ல் என்று படித்தாள். கீழே இருந்ததையும் படித்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி உள்ளே பார்த்தாள்.

"அம்மா. இது ஏன் மஞ்சளா இருக்கு?"

"கழுவினேன்."

"பேக்கனையா?"

"பின்ன, கறியைக் கழுவாம செய்வாங்களா?"

"மஞ்சள் போட்டா?"

"மஞ்சள் போட்டுத்தான். உப்பும் போட்டு. மூணு தண்ணி."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நின்றபடி சிரித்து, முடியாமல் சமையலறைத் தரையில் என் பணியாரக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். "அய்யோ அம்மா, அய்யோ, பேக்கனைப் போய் யாராவது கழுவுவாங்களா" என்று சிரித்துக்கொண்டே இருந்தவள், எப்போது அழ ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"போன வருஷம் அது இருந்துச்சுன்னு ஃபிரிட்ஜை மஞ்சள் போட்டுக் கழுவினே" என்றாள். "இப்ப அதையே கழுவி உள்ள வெச்சிருக்கே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அப்படி யோசித்துச் செய்யவில்லை. ஆனால் யோசித்திருந்தாலும் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது. நானும் தரையில் உட்கார்ந்தேன். மூட்டு வலி என்று டாக்டர் தரையில் உட்காரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். சொல்லட்டும்.

"டப்பாவைப் போட்டது தப்புடி" என்றேன். "உடனே போய் எடுத்திருக்கணும். எடுக்கல. மன்னிச்சிரு."

பெற்ற பிள்ளையிடம் இந்த வார்த்தையைச் சொல்வது கஷ்டம் என்று நினைத்திருந்தேன். சொன்ன பிறகு அப்படி ஒன்றும் இல்லை.

டார்ட்டை வெட்டினோம். ஓடு ஒரு பக்கம் கறுத்திருந்தது. நடுவில் அழகாக, இளம் மஞ்சளாக, தொட்டால் ஆடுகிற மாதிரி வந்திருந்தது. அதில் எது முட்டையின் மஞ்சள், எது என் மஞ்சள் என்று சொல்ல முடியாது. கயல் முள்கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் எடுத்தாள். ஒரு வாய் மென்றாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு எல்லாம் தண்ணில போயிடுச்சும்மா. புகை வாசமும் போயிடுச்சு."

"நல்லா இல்லையா?"

"நல்லா இல்லைன்னு யார் சொன்னா?" என்று இரண்டாவது துண்டை எடுத்தாள்.

வாசனை பிடித்து என் வீட்டுக்காரர் வந்தார். ஒரு துண்டை எடுத்து, நான் தடுப்பதற்குள் வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "ஜெர்மனில இதைவிட முறுகலா இருந்துச்சு" என்றார். பேச்சு வாக்கில் வந்துவிட்டது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கம்பெனி டிரெய்னிங்குக்கு மூன்று மாதம் ஜெர்மனி போனவர், வெறும் பிரெட்டும் பழமும் சாப்பிட்டு உயிர் பிழைத்ததாக நம் தெரு முழுக்கச் சொன்னாரே, அந்த ஜெர்மனி. படிவத்தில் பொய் எழுத மாட்டாராம். அவர் விஷயத்தைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன்.

நான் சாப்பிட்டேனா என்று கேட்பீர்கள். இல்லை. ஓரத்து ஓட்டை மட்டும் கிள்ளி வாயில் போட்டேன், மொறுமொறுவென்று இருந்தது. அதற்கு மேல் எனக்கு முடியவில்லை, கயலும் சாப்பிடு என்று சொல்லவில்லை. இடுக்கி இப்போதும் என் சமையலறையில்தான் தொங்குகிறது. பேக்கனுக்கு ஒரு தனிச் சட்டி ஒதுக்கியிருக்கிறேன். அவளிடம் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி அதன் பிடியில் ஒரு பொட்டு வைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்து கை கழுவினாள். நான் மேசையைத் துடைக்கிற சாக்கில் திரும்பி நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் கழித்து என் மகள் என் வீட்டில் கை நனைத்தாள்.

6

இதை எழுதிக்கொண்டிருந்தபோது மறுபடி ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. பாதியில் நிறுத்தி வைத்திருந்தேன், ஏனென்றால் ஒரு தடவை சாப்பிட்டது என் மேல் பரிதாபப்பட்டா, அல்லது உண்மையிலேயே கோபம் போய்விட்டதா என்று எனக்கே தெரியவில்லை. நான் அப்படித்தான், எதையும் லேசில் நம்ப மாட்டேன். காலையில் இருந்து எதுவும் விசேஷமாகச் சமைக்கவில்லை. சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, அப்பளம்.

ஒரு மணிக்குச் செக்யூரிட்டி போன் செய்தார்.

"மேடம், கயல் அந்தா கெஸ்ட்..."

"கெஸ்ட் அல்லப்பா. மகளு" என்றேன். என் கன்னடத்தில் அவ்வளவுதான் வந்தது. அவர் சிரித்து, "ஹௌதா மேடம், மகளு, மகளு" என்று கேட்டைத் திறந்தார். படிவத்தில் என்ன இருக்கிறதோ, இருந்துவிட்டுப் போகட்டும்.

கயல் செருப்பைக் கழற்றி ஒன்றை அங்கேயும் ஒன்றை இங்கேயும் விட்டெறிந்தாள். ஒரு வருஷமாக ஒழுங்காகக் கழற்றி வைத்த பிள்ளை. பையைச் சோபாவில் வீசிவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்து குழம்புச் சட்டி மூடியைத் திறந்து பார்த்தாள். நான் கேட்கவே இல்லை. கேட்கப் பயந்துகொண்டு அப்பளத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, சாப்பாடு இன்னும் ஆகல. பசிக்குது" என்றாள்.